வன நிலத்தின் வழியே சாலை, மின்சாரம், குடிநீர்: வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-இன்படி மலைக் குடியிருப்புகள் செய்ய வேண்டியவை

மலைக் குடியிருப்புக்குச் சாலை கேட்டு அலைபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கி நிற்கிறார்கள். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டால், "அது வனத்துறை நிலம், அவர்கள் அனுமதித்தால் நாளைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம்" என்கிறார்கள். வனச்சரக அலுவலகத்தில் கேட்டால், "எந்தத் துறையும் எங்களிடம் விண்ணப்பிக்கவே இல்லையே" என்கிறார்கள். இரண்டு பதிலுமே உண்மையாக இருக்கும். அதனால்தான் பத்து, பதினைந்து ஆண்டுகள் மனு கொடுத்தும் கோப்பு என்று ஒன்று பிறக்காமலேயே போகிறது.

இந்த இடைவெளியை அடைப்பதற்கான வழி 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில், அரசு வசதிகளுக்குச் சிறிதளவு வன நிலத்தை ஒதுக்க இடம் தரும் பிரிவு 3(2)-இல் இருக்கிறது. தமிழ்நாட்டு மலைக் குடியிருப்புகள் சிலவற்றுடன் சேர்ந்து இந்த வேலையைத் தொடக்கம் முதல் செய்து பார்த்ததில், தோல்விக்குக் காரணம் அதிகாரிகளின் மறுப்பைவிடப் படிகளின் வரிசை மாறிப்போவதுதான் என்று எனக்குப் பட்டது. எனவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. நிலம் எந்த வகை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

"எல்லாம் காடுதான்" என்று ஊரார் சொல்வதையும், "எல்லாம் ஆர்.எஃப்." (காப்புக்காடு) என்று வனக் காவலர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குடியிருப்பு வருவாய்த்துறைப் புறம்போக்கில் இருந்து, அதற்குப் போகும் பாதையில் அறுநூறு மீட்டர் மட்டும் காப்புக்காட்டைக் கடக்கலாம். அப்போது அந்த அறுநூறு மீட்டருக்கு மட்டுமே இந்தச் சட்டத்தின் வழி தேவைப்படும். மீதிக்கு ஊராட்சியின் வழக்கமான நடைமுறையே போதும்.

கிராம நிர்வாக அலுவலரிடம், நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டின் நகலையும் புலப்படத்தின் (நில அளவை வரைபடத்தின்) நகலையும் வாங்குங்கள். வனச்சரக அலுவலகத்தில் காப்புக்காட்டின் எல்லை வரைபடத்தைப் பார்க்கக் கேளுங்கள். நிலம் தனியார் எஸ்டேட்டாக இருந்தால் பிரிவு 3(2) உதவாது. கூடலூர்ப் பகுதியில் ஜன்ம நிலச் சிக்கல் (ஜமீன் போன்ற பழைய நில உடைமை முறையால் வந்த உரிமைத் தகராறு) தனியாக இருக்கிறது. அங்கே நிலத்தின் நிலையை எழுத்தில் வாங்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

பாதை பழையதாக இருந்தால் அதற்கான சான்றையும் இந்தக் கட்டத்திலேயே தேடுங்கள். வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்குத் தர மத்திய அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கிய வனப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 25.10.1980. அதற்கு முன்பே அந்தப் பாதை இருந்தது என்று பழைய வரைபடமோ, ஊராட்சி ஒன்றியப் பதிவேடோ காட்டுமானால், அது புதிய பாதை என்ற ஆட்சேபத்துக்கு வலுவான பதிலாக இருக்கும்.

2. நீங்கள் கேட்கும் வசதி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

பிரிவு 3(2) பதின்மூன்று வசதிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: பள்ளி; மருந்தகம் அல்லது மருத்துவமனை; அங்கன்வாடி; நியாயவிலைக் கடை; மின் மற்றும் தொலைத்தொடர்புக் கம்பித் தடங்கள்; குளம் முதலிய சிறு நீர்நிலைகள்; குடிநீர் வழங்கலும் குழாய்களும்; நீர் அல்லது மழைநீர் சேகரிப்புக் கட்டமைப்புகள்; சிறு பாசனக் கால்வாய்கள்; மரபுசாரா எரிசக்தி; திறன் மேம்பாட்டு அல்லது தொழிற்பயிற்சி மையம்; சாலை; சமுதாயக் கூடம்.

இவை அனைத்துக்கும் முன்னால் "அரசால் நிர்வகிக்கப்படும்" என்ற சொல் நிற்கிறது. ஓர் அறக்கட்டளை நல்லெண்ணத்தோடு பள்ளிக்கட்டடம் கட்டித் தர முன்வந்தாலும், அதை அரசுத் துறை ஏற்று நடத்தாவிட்டால் இந்த வழியில் நிலம் கிடைக்காது.

புதியவர்கள் அதிகம் தவறுவது பட்டியலில் இல்லாதவற்றைக் கலந்து எழுதுவதில்தான். தொகுப்பு வீடு, கழிப்பறை, கோயில், விளையாட்டுத் திடல், சுடுகாடு ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்குத் தனிநபர் வன உரிமைப் பட்டாவும் வீட்டுத் திட்டமும் வேண்டும். வழிவழியாகப் பயன்படுத்திவரும் இடுகாட்டைப் பிரிவு 3(1)-இன் சமூக உரிமையாகக் கோர வேண்டும். சாலையையும் சுடுகாட்டையும் ஒரே தீர்மானத்தில் எழுதினால், ஒன்று தகுதியில்லை என்று முழுத் தாளும் திரும்பி வரும்.

தனிநபர் பட்டா இன்னும் வரவில்லையே, அதற்குள் சாலை கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிரிவு 3(2) விதிக்கும் நிபந்தனைகளில் தனிநபர் பட்டா இல்லை. இரண்டையும் தனித்தனிக் கோப்பாக ஒரே நேரத்தில் நடத்தலாம்; ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

3. வன நிலம் தேவைப்படாத கோரிக்கைகளைப் பிரித்து வையுங்கள்

எல்லாக் குறைகளையும் சாலையோடு சேர்த்துக் கட்டிவிட்டால், சாலை வரும்வரை எதுவும் வராது. உச்ச நீதிமன்றம் 13.12.2006 அன்று பிறப்பித்த ஆணையின்படி, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பது பேராவது இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு, கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடியைப் பெற உரிமை உள்ளது. முதலில் ஏற்கெனவே உள்ள ஒரு கட்டடத்தில் அது தொடங்கலாம். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி; பள்ளி கட்ட முடியாத சிதறிய குடியிருப்பு என்றால் போக்குவரத்து வசதியைக் கேட்கலாம். மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் மூவாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அளவுகோல்.

மின் இணைப்புக்கும் இதே போன்ற பிரிப்பு உண்டு. மின்சாரச் சட்டம் 2003-இன் பிரிவு 43, விண்ணப்பித்தவருக்கு மின்சாரம் வழங்குவதை மின் நிறுவனத்தின் கடமையாக்குகிறது. எனவே ஒவ்வொரு வீட்டுக்காரரும் மின் வாரிய அலுவலகத்தில் இணைப்புக்கு முறைப்படி விண்ணப்பித்துப் பதிவு எண் வாங்கி வைக்க வேண்டும். அந்த எண்கள் இல்லாத ஊருக்குக் கம்பம் நடுவதற்கான தேவையே பதிவேட்டில் இல்லை என்றாகிவிடும்.

4. அளந்து வையுங்கள்: ஒரு ஹெக்டேர், எழுபத்தைந்து மரம்

சட்டம் இரண்டு எண்களை வைத்திருக்கிறது. ஒவ்வொரு வசதிக்கும் எடுக்கும் வன நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு எழுபத்தைந்தைத் தாண்டக் கூடாது.

ஒரு ஹெக்டேர் என்பது பத்தாயிரம் சதுர மீட்டர். மூன்று மீட்டர் அகலச் சாலை என்றால் 3,300 மீட்டர் வரை 0.99 ஹெக்டேர் ஆகும். அது வரம்புக்குள் இருக்கிறது. அகலத்தை ஐந்து மீட்டராக்கினால் 2,000 மீட்டரிலேயே சரியாக ஒரு ஹெக்டேர் வந்துவிடும். சட்டம் "குறைவாக" என்று சொல்வதால், சரியாக ஒரு ஹெக்டேர் என்பதும் தகுதி இழக்கும். அகலத்தில் அரை மீட்டர் விட்டுக்கொடுப்பது சில இடங்களில் முழுச் சாலையையும் காப்பாற்றும்.

எழுபத்தைந்து என்பதை மொத்த எண்ணிக்கையாகப் புரிந்துகொள்வது மிகப் பரவலான தவறு. அது ஹெக்டேருக்கான விகிதம். உங்கள் சாலைக்கு 0.4 ஹெக்டேர் தேவை என்றால் முப்பது மரம்தான் வரம்பு.

அளக்கும் வேலையைப் பொறியாளரோடு சேர்ந்து செய்யுங்கள். ஒரு குடியிருப்பில் நாங்கள் இதில் ஏமாந்தோம். ஊர் இளைஞர்கள் முப்பது மீட்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதை வழியே அளந்து, 1,150 மீட்டர் என்று தீர்மானத்தில் எழுதிவிட்டோம். பிறகு வந்த பொறியாளர், "ஆள் ஏறுவார், ஜீப் ஏறாது" என்று சொல்லிவிட்டு, சரிவைக் குறைக்க இரண்டு கொண்டை ஊசி வளைவுகளைச் சேர்த்தார். நீளம் 1,900 மீட்டரானது. மர எண்ணிக்கையும் மாறியது. கிராம சபையை மீண்டும் கூட்ட வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை, பொறியாளர் காட்டிய தடத்தில் நடந்து, விழ வேண்டிய ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் எண் போட்டோம். கூட வந்த பெரியவர் ஒருவர் வேங்கை, மருது, கடுக்காய் என்று பெயர் சொல்லச் சொல்ல, ஒரு பெண் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். அந்த நோட்டுதான் பின்னர் வனச்சரகரின் ஆய்வில் எங்களைக் காப்பாற்றியது.

வரம்பு மீறும்போது ஒரே சாலையை இரண்டு துண்டாக்கி இரண்டு விண்ணப்பமாகக் கொடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஒரே தடத்தைப் பிரித்தது வரைபடத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். அதன்பின் உங்கள் மற்ற கோரிக்கைகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். வெவ்வேறு குடியிருப்புகளுக்குப் பிரிந்து போகும் இணைப்புகளைத் தனித்தனியாகக் கேட்பது வேறு, அது நியாயமானது.

5. கிராம சபையைக் குடியிருப்பிலேயே கூட்டுங்கள்

பிரிவு 3(2)-இன்படி கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். எந்தக் கிராம சபை என்பதில்தான் குழப்பம். தமிழ்நாட்டில் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி எதுவும் இல்லாததால், பழங்குடிப் பகுதிகளுக்கான ஊராட்சி விரிவாக்கச் சட்டமான பெசா இங்கே பொருந்தாது. அதைத் தீர்மானத்தில் மேற்கோள் காட்டினால் எதிர்த்தரப்புக்கு எளிதான ஆட்சேபம் கிடைக்கும். வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 2 போதும். வன கிராமங்கள், பழைய குடியிருப்புகள், அளவை செய்யப்படாத ஊர்கள் ஆகியவற்றை, அவை அறிவிக்கை செய்யப்பட்டவையா இல்லையா என்று பாராமல், "கிராமம்" என்றே அது வரையறுக்கிறது. அந்தக் கிராமத்தின் வயது வந்தோர் அனைவரையும் கொண்டதுதான் கிராம சபை.

விதிகளின்படி கிராம சபையைக் கூட்டுவது ஊராட்சியின் வேலை. எனவே தலைவரிடமோ, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடமோ, தேதியும் இடமும் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்குங்கள். ஊராட்சிச் செயலர் நேரில் இருப்பது நல்லது. பதிவேடு அவரிடம்தான் இருக்கும்.

2012-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி உறுப்பினர்களில் பாதிப்பேருக்குக் குறையாமல் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும். குடியிருப்பில் 84 வயது வந்தோர் இருந்தால் 42 பேர் வேண்டும். அந்த 42-இல் 14 பெண்கள் வேண்டும். வாக்காளர் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு, பெயருக்கு நேரே கையொப்பமோ கைரேகையோ வாங்குங்கள். வெற்றுத் தாளில் வாங்கிய கையொப்பங்களை வைத்து, மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பின்னால் நிரூபிக்க முடியாது.

தேன், கடுக்காய் சேகரிக்கவும், கூலி வேலைக்கும் பெரும்பாலோர் வெளியே போயிருக்கும் மாதங்களைத் தவிருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் ஊராட்சி அளவில் நடக்கும் கிராம சபையிலும் அதே கோரிக்கையை ஆதரவுத் தீர்மானமாக வைக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. கீழூர் மக்கள் பெரும்பான்மையாக அமர்ந்திருக்கும் கூட்டத்தில் உங்கள் குடியிருப்பின் தீர்மானம் கடைசி வரியாகத்தான் எழுதப்படும்.

6. தீர்மானத்தில் எண்கள் இருக்க வேண்டும்

"எங்கள் ஊருக்குச் சாலை வசதி செய்து தர வேண்டும்" என்ற ஒற்றை வரித் தீர்மானத்தை எத்தனையோ பதிவேடுகளில் பார்த்திருக்கிறேன். அது கோரிக்கைதான், சட்டம் கேட்கும் பரிந்துரையாகாது. எந்த நிலம், எவ்வளவு, எத்தனை மரம் என்பது இல்லாவிட்டால் வனத்துறை அதன் மீது முடிவெடுக்க இயலாது. கீழ்க்கண்ட வாசகத்தை உங்கள் எண்களோடு பயன்படுத்தலாம்:

"வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)-இல் குறிப்பிடப்பட்டுள்ள சாலை என்னும் வசதிக்காக, ......... காப்புக்காட்டில் ......... ஓடைப் பாலத்திலிருந்து ......... குடியிருப்பின் அங்கன்வாடி வரை 1,400 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் கொண்ட, மொத்தம் 0.49 ஹெக்டேர் வன நிலத்தை வழங்க இக்கிராம சபை பரிந்துரை செய்கிறது. இதற்காக வெட்ட வேண்டிய மரங்கள் 21. அவற்றின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. கிராம சபையின் மொத்த உறுப்பினர்கள் 84, வந்திருந்தவர்கள் 57, அவர்களில் பெண்கள் 29. ஊரக வளர்ச்சித் துறை உரிய படிவத்தில் வனச்சரக அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எந்தத் துறை விண்ணப்பிக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதினால்தான் அடுத்த படிக்கு ஒரு பொறுப்பாளர் கிடைப்பார். ஒரு வசதிக்கு ஒரு தீர்மானம் என்பதும் முக்கியம். சாலைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் வேறு வேறு துறைகள் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

7. துறையை விண்ணப்பிக்க வையுங்கள்

முழு வேலையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பிரிவு 3(2)-ஐ நடைமுறைப்படுத்துவதற்கான வழிமுறையை மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 18.05.2009 நாளிட்ட கடிதத்தில் வகுத்திருக்கிறது. அதன்படி படிவம் அ-வை நிரப்பி, கிராம சபைத் தீர்மானத்தை இணைத்து, வனச்சரக அலுவலரிடம் கொடுக்க வேண்டியது அந்த வசதியைக் கட்டி நிர்வகிக்கப்போகும் அரசுத் துறை. ஊர் மக்கள் நேரடியாக வனத்துறைக்கு எழுதும் மனு எத்தனை உருக்கமாக இருந்தாலும், அது விண்ணப்பமாகப் பதிவாகாது.

எனவே மனுவை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் கட்டும் துறையின் அலுவலகம். ஊராட்சிச் சாலைக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், மின்கம்பத்துக்கு மின் வாரியத்தின் உதவி செயற்பொறியாளர், குடிநீருக்கு ஊராட்சி ஒன்றியமோ குடிநீர் வடிகால் வாரியமோ. தீர்மானம், அளவு விவரம், மரப் பட்டியல், வரைபடம் ஆகிய நான்கையும் ஒன்றாகத் தைத்துக் கொடுங்கள். படிவத்தை நிரப்பத் தேவையானவற்றில் பெரும்பகுதி அதில் இருந்துவிட்டால், எழுத்தர் அதை ஓரமாக வைப்பதற்கான காரணம் குறைகிறது.

படிவத்தின் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. வன உரிமை விதிகளிலும் படிவம் அ என்று ஒன்று உண்டு. அது தனிநபர் நில உரிமைக்கானது. 3(2)-க்கான படிவம் அ வேறு. அலுவலகங்களிலேயே இவை மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். சாலைக்கான தாள் உட்கோட்ட அளவிலான குழுவுக்குப் போய், அங்கே இரண்டு ஆண்டுகள் பட்டாக் கோரிக்கைகளுக்கு நடுவே கிடந்தது. அமைச்சகக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதன் பின்னிணைப்பில் உள்ள படிவத்தைக் காட்டுங்கள்.

"நிதி வரட்டும், அப்புறம் விண்ணப்பிக்கலாம்" என்பது துறைகள் சொல்லும் வழக்கமான பதில். நிதி வந்தபின் விண்ணப்பித்தால், அனுமதி வருவதற்குள் மார்ச் 31 வந்து பணம் திரும்பிப் போய்விடும். இதை அலுவலரிடமே எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கும் அந்த அனுபவம் இருக்கும்.

8. தல ஆய்வின்போது ஊர் உடன் இருக்க வேண்டும்

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் வனச்சரக அலுவலர் இடத்தைப் பார்வையிட்டு, தம் கருத்தைப் படிவம் ஆ-வில் எழுதி மாவட்ட வன அலுவலருக்கு அனுப்ப வேண்டும். ஆய்வு நாளை முன்கூட்டியே தெரிவிக்குமாறு எழுத்தில் கேளுங்கள். கிராம சபை தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழுவின் உறுப்பினர்கள் இரண்டு பேராவது, பெண் ஒருவர் உட்பட, கூட நடக்க வேண்டும்.

ஆய்வில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று: மாற்றுத் தடம் இல்லையா, யானை வழித்தடமா, மரம் இத்தனைதானா. முதல் கேள்விக்கு, மற்றத் தடங்களை ஏன் விட்டீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருங்கள். இரண்டாவதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். யானை நடமாட்டம் இருந்தால் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை நீங்களே முன்மொழியலாம். மறைத்துவிட்டு மாட்டிக்கொள்வதைவிட அது நல்லது. மூன்றாவதற்குச் சுண்ணாம்பு எண்கள் பதில் சொல்லும்.

முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு முண்டந்துறை, திருவில்லிபுத்தூர் மேகமலை ஆகிய புலிகள் காப்பகங்களில் "இங்கே வன உரிமைச் சட்டமே செல்லாது" என்று சொல்லப்படுவதுண்டு. அது தவறு. சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் வன நிலம் என்பதில் அடங்கும் என்று பிரிவு 2(ஈ) தெளிவாகச் சொல்கிறது. ஆனால் எந்தச் சட்டம் குறுக்கே நின்றாலும் இந்த வசதிகளுக்கு நிலம் தரலாம் என்று பிரிவு 3(2) பெயர் சொல்வது 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தை மட்டுமே. எனவே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி ஆட்சேபம் எழும். காப்பகத்துக்குள் உள்ள குடியிருப்புகள் இந்தக் கட்டத்திலேயே சட்ட உதவியை நாடுவது நல்லது.

9. மாவட்ட வன அலுவலரும் மாவட்ட அளவிலான குழுவும்

பிரிவு 3(2)-இன் நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் மாவட்ட வன அலுவலரே ஒப்புதல் தரலாம். கோப்பு சென்னைக்கோ டெல்லிக்கோ போக வேண்டியதில்லை. "மத்திய அரசின் அனுமதி வேண்டும்" என்ற பதில் வந்தால், 2009-ஆம் ஆண்டுக் கடிதத்தைச் சுட்டிக்காட்டி எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

அவர் உடன்படாவிட்டால் கோப்பு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்கு வர வேண்டும். "நிராகரிக்கப்பட்டது" என்ற வாய்மொழித் தகவலோடு ஊர் திரும்பிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. மாவட்ட வன அலுவலரின் மறுப்பு முடிவான முடிவு ஆகாது. கோப்பு குழுவுக்கு அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில் என்று திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்துக் கேளுங்கள். அந்த மனுவின் எண் பின்னால் உதவும்.

10. பணம் எந்தத் திட்டத்திலிருந்து வரும்

பிரிவு 3(2) நிலத்தைத் தருகிறது, பணத்தைத் தருவதில்லை. 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம் மிகவும் நலிந்த பழங்குடியினருக்கு மட்டுமானது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களே அதில் வருகின்றன. மலையாளி, சோளகர், ஊராளி, பளியர், முதுவர் குடியிருப்புகள் அதன் பெயரில் விண்ணப்பித்துத் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

மற்றவர்கள், பழங்குடிக் கிராமங்களுக்காக மத்திய அரசு 2024 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தர்த்தி ஆபா திட்டத்தில் தங்கள் கிராமத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாநில அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த தொல்குடித் திட்டமும் பழங்குடிக் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்கானதே. நான்கு ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்பது அந்த அறிவிப்பு. மாவட்டப் பழங்குடியினர் நல அலுவலரிடம், "எங்கள் குடியிருப்பின் பெயர் எந்தப் பட்டியலில் உள்ளது" என்று கேளுங்கள். பட்டியலில் பெயர் விடுபட்டதும், பிழையான பெயரில் பதிவானதும் நான் பார்த்தவற்றில் அடிக்கடி வரும் தடைகள்.

11. பதில் வராவிட்டால்

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் பத்து ரூபாய். பதிலுக்கு முப்பது நாள். "ஏன் சாலை போடவில்லை" என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது. படிவம் அ எந்தத் தேதியில் அளிக்கப்பட்டது, வனச்சரக அலுவலகத்தில் அதன் பதிவு எண் என்ன, தல ஆய்வு நடந்த தேதி என்ன, படிவம் ஆ-வின் நகல் தருக என்று கேளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு தாளைக் குறிப்பதால், தாள் இருக்கிறது அல்லது இல்லை என்றுதான் பதில் வர முடியும். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்து, அதிகம் பயன்படுத்தப்படாத ஒரு கருவி வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 8. சட்டத்தை மீறும் அதிகாரிக்கு எதிராகக் கிராம சபை தீர்மானம் நிறைவேற்றி, மாநில அளவிலான கண்காணிப்புக் குழுவுக்கு அறுபது நாள்களுக்குக் குறையாத அறிவிப்பு கொடுக்கலாம். பிரிவு 7-இன் அபராதம் ஆயிரம் ரூபாய்வரைதான்; ஆனால் அறிவிப்பு போய்ச் சேர்ந்த பிறகு கோப்பு நகர்வதைக் கண்டிருக்கிறேன்.

கடைசியாக உயர் நீதிமன்றம். பட்டியல் பழங்குடியினருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெற உரிமை இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் சாதிச் சான்றோடு விண்ணப்பித்தால் போதும். மலைவாழ் மக்களுக்குச் சாலை என்பது வாழ்வதற்கான உரிமையின் பகுதி என்று இமாச்சலப் பிரதேச அரசுக்கும் உமேத் ராம் சர்மாவுக்கும் இடையேயான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் கூறியிருக்கிறது. வழக்கறிஞரிடம் அதை நினைவூட்டுங்கள். "மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்" என்று மட்டும் கேட்டால், பரிசீலித்து நிராகரித்துவிட்டோம் என்று முடித்துவிடுவார்கள். எந்த அலுவலர் எந்தப் படியை எத்தனை வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். மேலே சேர்த்து வைத்த தேதிகள் அதற்குத்தான்.

12. ஒப்புதல் கிடைத்தபின்

ஒப்புதல் கடிதத்தின் நகலை ஊராட்சியிலும் வன உரிமைக் குழுவிலும் வையுங்கள். வேலை தொடங்குமுன் நிலம் எல்லை குறித்து ஒப்படைக்கப்பட வேண்டும். கற்கள் எங்கே நடப்படுகின்றன என்பதை உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பந்ததாரர் வேலையை எளிதாக்கத் தடத்தை நகர்த்தினாலோ, பட்டியலில் இல்லாத மரத்தில் கை வைத்தாலோ, வனத்துறை வேலையை நிறுத்தும். அபராதப் பேச்சு முடியும்வரை பாதி வெட்டிய மண்சாலை ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படியே கிடக்கும். சுண்ணாம்பு எண் அழிந்த மரங்களுக்கு, இயந்திரம் மலையேறுவதற்கு முந்தைய நாள் மீண்டும் எண் போடுங்கள்.